சத்தமில்லாமல் அழுத கமலா

என் மகள் கமலா சத்தமில்லாமல் அழுவாள். வாயை நன்றாகத் திறப்பாள், முகம் சிவக்கும், கண்ணில் நீர் கோக்கும், காலை உதைப்பாள். சத்தம் மட்டும் வராது. இதை நான் நல்ல குணம் என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, மலாக்காவில் நாங்கள் இருந்த காஜா பெராங் வட்டாரம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

"பாய், உங்க பையன் அழுதா தெங்கேரா வரைக்கும் கேட்குது. என் மக அழுவுறது பக்கத்துல உட்கார்ந்திருக்கவனுக்கே தெரியாது. ஜப்பான்காரன் காலத்துக்குன்னே அளவெடுத்துத் தைச்ச பிள்ளை," என்றேன் பக்கத்து வீட்டுக் காதர் பாயிடம்.

நான் தையல்காரன். உவமை சொன்னாலும் அந்த வட்டாரத்துக்குள்தான் சொல்லுவேன். சண்டைக்கு முன் கோட்டு சூட்டு தைத்த கை இது. ஜப்பான்காரன் காலத்தில் கோணிச்சாக்கைக் கிழித்து அரைக்கால் சட்டை தைத்துக்கொண்டிருந்தது. போட்டவன் நாள் முழுக்கச் சொறிந்துகொள்வான், ஆனால் தையல் பிரியாது.

ஜப்பான்காரன் போய்விட்டான். கமலா இப்போது என் கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். கைப்பிள்ளைக்காரர்கள் சிலர் வந்து, "சின்னையாண்ணே, அப்ப என்னதான் நடந்துச்சு?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக என் புத்திசாலித்தனத்தை விவரிப்பதைவிட மொத்தமாக எழுதிவிடுவது என் மானத்துக்கு நல்லது.

எனக்கும் தெய்வானைக்கும் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. ஊரே பட்டினி கிடக்கும் நேரம் பார்த்து, நான் நாற்பதைத் தாண்டியபின், கமலா வந்தாள். தெய்வானையின் தாய் வீடு தூரத்து எஸ்டேட்டில். அந்தக் காலத்தில் அங்கிருந்து யாரும் சுலபமாக வந்துபோக முடியாது. எனவே பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் சமைக்கும் பொறுப்பை நானே ஏற்றேன். சமைக்கத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று துணி தைக்க வந்த பெண்களிடமெல்லாம் கேட்டேன். அதுதான் வினை. ஒருத்தி கீரை குளிர்ச்சி என்றாள். ஒருத்தி பயறு வாய்வு என்றாள். மீன் கரப்பான், முட்டை சூடு, பூசணி நீர் கோக்கும். யார் சொன்னதையும் நான் தள்ளவில்லை, எல்லாவற்றையும் கூட்டினேன். கடைசியில் தெய்வானை தின்னலாம் என்று மிஞ்சியது சோறும் மிளகு ரசமும் சுட்ட பூண்டும்தான்.

சோறு என்றால் சாதாரணச் சோறா? மச்சினன் எஸ்டேட் ஓரத்தில் மேட்டு நெல் போட்டு, ஒரு மூட்டைச் சிவப்பரிசி அனுப்பியிருந்தான். ஊரெல்லாம் மரவள்ளிக்கிழங்கு தின்கிற நேரத்தில் அது தங்கம். ஆனால் சிவப்பரிசி பச்சை உடம்புக்கு ஆகாது என்று ஒரு வாடிக்கைக்காரி சொல்லிவிட்டாள். விடுவேனா? உரலில் போட்டுக் குத்தினேன், புடைத்தேன், மறுபடி குத்தினேன். மல்லிகைப்பூ மாதிரி வெளுக்கும்வரை குத்தினேன். பிறகு தண்ணீர் தெளியும்வரை கழுவிக் கழுவி ஊற்றினேன். தவிட்டை முறத்தோடு கொண்டுபோய்ப் பாய் வீட்டுக் கோழிகளுக்குக் கொடுத்தேன். நானோ மரவள்ளிக்கிழங்கையும் அதன் கொழுந்துக் கீரையையும் வேகவைத்துத் தின்றேன். தின்னும்போது என்னைப் போல ஒரு தியாகி மலாக்காவிலேயே இல்லை என்று எனக்குள் ஒரு எண்ணம்.

தெய்வானை ஒருநாள், "ஏங்க, காலு மரத்துப்போன மாதிரி இருக்கு. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியல," என்றாள்.

"பிள்ளை பெத்த அசதி. இன்னும் ரெண்டு கரண்டி சோறு போட்டுக்க," என்றேன்.

கமலாவுக்கு மூன்று மாதம் நடந்தது. பால் குடித்ததும் கக்கினாள். பாதம் உப்பலாக இருந்தது. கொழுகொழு என்று வளர்கிறாள் என்றேன். பாய் மகன் யூசுப் அதே வாரம் பிறந்தவன், அவன் கழுத்து நின்றுவிட்டது. கமலாவின் தலை இன்னும் தொங்கியது. பெண்பிள்ளை, அடக்கமாகத் தலையைக் குனிகிறாள் என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது.

அந்தப் பதில்களையெல்லாம் ஒரு காலையில் மைமூன் முடித்துவைத்தாள். பாயின் மனைவி அவள். யூசுப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு நெருப்பு வாங்க வந்தவள், தூளியை எட்டிப் பார்த்தாள்.

"தெய்வானை! புள்ள அழுவுதுடி!"

"அவ அப்படித்தான் அழுவா, சத்தமே வராது," என்றேன் பெருமையாக.

மைமூன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "அண்ணே, நீங்க வெளையாட்டுக்குப் பேசுறீங்களா, நெசமாப் பேசுறீங்களா? இது அடக்கம் இல்ல. புள்ளைக்குக் குரல் போயிருச்சு. மூச்ச பாருங்க, நாய்க்குட்டி மாதிரி எறைக்குது. ஒதடு நீலம் பாரிச்சிருக்கு!"

அப்போதுதான் நான் பார்த்தேன். அதுவரை கண்ணைத் திறந்து வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

பாய் தன் சைக்கிளை எடுத்தார். டயர் கிடைக்காத காலம், சக்கரத்தில் தோட்டத்து ரப்பர்க் குழாயைச் சுற்றியிருந்தார். பின்னால் தெய்வானை பிள்ளையோடு உட்கார, நான் முன்னால் இழுக்க, பாய் பின்னாலிருந்து தள்ள, மைமூன் யூசுப்போடு ஓடிவர, பெரிய ஆஸ்பத்திரிக் குன்றில் ஏறினோம். எதிரே வந்தவர்கள் சிரித்திருப்பார்கள். எனக்கு யார் முகமும் தெரியவில்லை. வழி நெடுக யூசுப் கத்திக்கொண்டே வந்தான். அந்தச் சத்தத்துக்காக நான் அவன்மேல் பொறாமைப்பட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு நிரம்பித் தரையிலும் ஆட்கள். காலில் புண் வைத்தவர்கள், மலேரியாவில் நடுங்குகிறவர்கள். வரிசையில் உட்காரச் சொன்ன நர்ஸ், எங்கள் பேச்சில் மிஸ்ஸி, கமலாவின் முகத்தைப் பார்த்ததும் வரிசையை மறந்து நேரே உள்ளே கூட்டிப்போனாள். அவள் பெயர் பாக்கியம். எங்கள் காஜா பெராங் செட்டிக் கம்பத்துக்காரி, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய வம்சம். பெயர் தமிழ், கும்பிடுவது மாரியம்மன், பேச்சு முழுக்க மலாய். "ஜாங்ஙான் தாக்குட், அபாங்," என்றாள். பயப்படாதே அண்ணே என்கிறாள். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கமலாவின் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு, "பிள்ளைக்கு என்ன குடுக்கிறனீங்கள்?" என்றார்.

"தாய்ப்பால்தாங்க. வேற ஒண்ணும் இல்ல."

"தாய் என்ன சாப்பிடுறவ?"

இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்த மாதிரி ஆரம்பித்தேன். அரிசி குத்திய கதை, கழுவிய கதை, பூண்டு சுட்ட பக்குவம், எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். மெச்சிக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"கீரை?"

"குளிர்ச்சிங்க, ஆகாது."

"பயறு?"

"வாய்வுங்க."

"மீன், முட்டை?"

"கரப்பானுங்க. முட்டை சூடு. கிடைக்கவும் கிடைக்காது."

"அந்தத் தவிட்டை என்ன செய்தனீங்கள்?"

"கோழிக்குப் போட்டுட்டேன் சார்."

"கோழியள் எப்பிடி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்கும் சார்," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பிள்ளையை விட்டுவிட்டு, "அம்மா, காலை நீட்டுங்கோ," என்றார் தெய்வானையிடம். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடத்தில் குழி விழுந்து, மாவில் விரல் பதித்த மாதிரி அப்படியே நின்றது.

"கால் விறைக்குதோ?"

"ஆமா சார். செருப்பு கழண்டாத் தெரியல."

"இவருக்குச் சொன்னனீங்களா?"

தெய்வானை என்னைப் பார்த்தாள். "சொன்னேன். இன்னும் ரெண்டு கரண்டி சோறு போட்டுக்கச் சொன்னாரு."

வியாதியின் பெயர் பெரிபெரி. டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அரிசியின் மேல்தோலில், அதாவது தவிட்டில், ஒரு சத்து இருக்கிறது. நரம்புக்கும் இருதயத்துக்கும் அதுதான் ஓட்டம். அது இல்லாவிட்டால் பெரியவர்களுக்குக் கால் மரக்கும், வீங்கும். தாய்க்கு இல்லாத சத்து பாலிலும் வராது. பால் நிறைய இருக்கும், பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் குடிக்கிற பிள்ளைக்கு இருதயம் வீங்கிவிடும். தொண்டை நரம்பு சோர்ந்து குரல் போய்விடும். குரல் போன பிறகு அதிக நேரம் இருக்காது.

"முந்தி எங்கட ஆக்களுக்கு இது வாறது குறைவு. புழுங்கலரிசி சாப்பிட்டவை. இப்ப அதுவும் இல்லை," என்றவர், என் பக்கம் திரும்பி, "நீங்கள் நல்ல சத்தைக் குத்தி எடுத்து, மிச்சத்தைக் கழுவி ஊத்திப்போட்டு, வெள்ளைச் சக்கையை மனுசிக்குக் குடுத்திருக்கிறியள்," என்றார்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பிழைச்சுக்குமா சார்?"

"ஊசி மருந்து சண்டைக்கு முந்தி வந்ததிலை கொஞ்சம் கிடக்குது. போடுறன். அது பிடிச்சால் சத்தம் திரும்பும். சத்தம் வந்தால் பிள்ளை தப்பினமாதிரி. ஆனால் தாய்ப்பால் இப்ப வேண்டாம், தாய்க்குச் சத்து ஏறட்டும். வேற பால் வேணும். டின் பால் எங்களிட்டை இல்லை."

டின் பாலை ஊரில் யார் கண்ணால் பார்த்து எவ்வளவு காலம்! கதவருகில் நின்ற மைமூன் யூசுப்பைப் பாயின் கையில் கொடுத்துவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கமலாவை வாங்கித் திரை மறைவுக்குப் போனாள்.

டாக்டர் அவளிடமும் அதே கேள்வியைத் திரைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டார். "நீங்கள் என்ன சாப்பிடுறனீங்கள்?"

அவளுக்குப் பதில் பாய் தொண்டையைச் செருமினார். என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கோழியெல்லாம் ஜப்பான்காரன் புடிச்சிட்டுப் போயி மாசக்கணக்காச்சு. நீங்க ஆசையாக் கொண்டாந்து குடுக்குறீங்க, வேணாம்னு சொல்ல மனசு வரல. தவிட்ட மைமூன் கிழங்கு மாவுல கலந்து புட்டு அவிச்சிருவா. அவதான் திம்பா."

டாக்டர் அப்போதுதான் முதல்தடவையாகச் சிரித்தார். "அப்ப வேற என்ன வேணும்? இந்தப் பாலே மருந்துதான்!"

பாய் விடவில்லை. அவருக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். "அண்ணே, இன்னொண்ணு. எங்க மார்க்கத்துல ஒரு தாய்ப் பால் குடிச்ச புள்ளைங்க அண்ணன் தங்கச்சி. பின்னால சம்பந்தம் கிம்பந்தம்னு பேச முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

"பாய், உங்க பையன் தொண்டைக்கு நான் பொண்ணு குடுப்பேன்னு வேற நெனைச்சீங்களா?" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். பாயும் அழுதார். யூசுப் எங்கள் இருவரையும் மிஞ்சினான்.

ஊசி போட்டார்கள். வார்டுக்குள் ஆண்கள் தங்கக்கூடாது. தெய்வானையும் யூசுப்போடு மைமூனும் உள்ளே, நான் ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில். உறிஞ்சக்கூடப் பிள்ளைக்குத் தெம்பில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சிக் கரண்டியில் ஊட்டினார்கள். ஊட்டிய பின் கமலா வாயைத் திறந்து அழுவதை ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மாலையிலும் கேட்கவில்லை. இன்னொரு ஊசி போட்டார்கள். என் வேடிக்கைப் பேச்சு அத்தனையும் எங்கோ போய்விட்டது. பக்கத்தில் இருந்தவன் என்னவோ கேட்டான், எனக்கு வாய் வரவில்லை. அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே வியாதி.

விடிந்தபோது தோட்டி வராந்தாவைக் கழுவிக்கொண்டிருந்தான். எண்ணெய் போடாத தையல் மிஷினை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு கிறீச் வருமே, அப்படி ஒரு சத்தம் உள்ளேயிருந்து வந்தது. என் காது மிஷினுக்குப் பழகிய காது. எழுந்து நின்றேன். மறுபடி கிறீச். பிறகு ஒரு இருமல். பிறகு, கரகரவென்று, கோபமாக, என் மகள் அழுதாள்.

"ஏங்க! கேட்குதா? ஏங்க!" தெய்வானை கத்தியது அதைவிடப் பெரிய சத்தம்.

"கேட்குது! நிறுத்தாத! அழ வை!" என்று நான் ஜன்னலில் தொங்கினேன். பிள்ளையை அழ வைக்கச் சொன்ன அப்பனை அந்த வார்டு அன்றுதான் பார்த்திருக்கும். பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனத்தி கை தட்டினாள். எதிர்க்கட்டில் மலாய்க்காரி "அல்ஹம்துலில்லா" என்றாள். பாக்கியம் மிஸ்ஸி ஓடிவந்து பிள்ளையின் வாயருகே காதை வைத்துக் கேட்டு, "படான் கெச்சில், சுவாரா பெசார்!" என்று சிரித்தாள். உடம்பு சிறுசு, குரல் பெருசு என்று அர்த்தம். மைமூன் ஜன்னலுக்கு வந்து, "இனிமே யாராச்சும் என் மகன் குரலப் பத்திப் பேசட்டும், பாத்துக்கறேன்," என்றாள்.

அடுத்து தெய்வானைக்கு வைத்தியம். மைமூனிடம் கேட்டுத் தவிட்டை வறுத்து, சலித்து, கொஞ்சம் கருப்பட்டி சேர்த்து உருண்டை பிடித்துக் கொண்டுபோனேன். பச்சைப்பயறும் கீரையும் அவித்தேன். உருண்டையைக் கண்டதும் தெய்வானை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மாட்டுக்கு வைக்கிறத எனக்கு வைக்கிறீங்க."

"நல்லாத்தான் இருக்கு தெய்வானை. பாரு, நானே தின்னு காட்டுறேன்." வாயில் போட்டேன். மரத்தூளை முழுங்குகிற மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. முகத்தைச் சிரித்தபடி வைத்திருந்தேன்.

"அவ்வளவு நல்லாருந்தா இன்னொண்ணு எடுத்துக்குங்க," என்றாள். எடுத்துக்கொண்டேன். என்னைப் பழிவாங்கும் சந்தோஷத்திலேயே அவளும் தின்ன ஆரம்பித்தாள். நாளாக ஆகக் காலின் வீக்கம் வடிந்தது. டாக்டர் சரி என்றதும் கமலா மறுபடி தாயிடமே பால் குடித்தாள். மனைவியின் பாதத்தை நான் புல்லால் சீண்டினால், "சும்மா இருங்க," என்று தெய்வானை உதைத்தாள். அந்த உதையைப் போல ஒரு சுகம் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், அடிக்கடி பிள்ளையைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். இருதய வீக்கம் அடங்கிவிட்டது, ஆனால் கை கால் நரம்பில் பலவீனம் தங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டுமாம். பிள்ளை தலையைத் தூக்குகிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா, நீட்டியதைப் பிடிக்கிறதா, குப்புற விழுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். நிறுப்பதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு தராசு இருந்தது. நான் ஆசை தாங்காமல் இடையிடையே பாயின் பழைய கடைத் தராசிலும் நிறுத்துக்கொள்வேன்.

கழுத்து நின்றது. என் மூக்கைப் பிடித்தாள். சிரித்தாள், அதுவும் என்னைப் பார்த்தால் மட்டும். ஆளை அடையாளம் தெரிந்துகொண்டாள். ஆனால் குப்புற மட்டும் விழவில்லை. யூசுப் எப்போதோ விழுந்து, மைமூன் தெருவுக்கே கிழங்குமாவுக் கொழுக்கட்டை கொடுத்தாயிற்று. அவன் படுத்த கோரைப்பாயைத் தாண்டி உருண்டுபோய்க் கோழியில்லாத கூண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். எங்கள் மகாராணி மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தாள். நான் அவள் படுத்த கோரைப்பாயின் ஒரு ஓரத்தைத் தூக்கிச் சாய்த்து உதவி செய்தேன்.

"அது விழுறது இல்லீங்க. நீங்க கவுக்குறது," என்றாள் தெய்வானை.

டாக்டரும் கடைசியாக, "அடுத்தமுறை வரேக்கையும் திரும்பேல்லை எண்டால் வடிவாச் சோதிச்சுப் பாக்கவேணும்," என்று சொல்லியிருந்தார். வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்கத் தெய்வானை கமலாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தாள்.

அந்த அடுத்தமுறை நாங்கள் போன அன்று ஆஸ்பத்திரியே விறைத்து நின்றது. ஜப்பான் அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறாராம். டாக்டர் கமலாவை மேசையில் படுக்கவைத்துக் காலை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. எல்லாரும் இருந்த இடத்தில் எழுந்து இடுப்பை வளைத்துக் குனிந்தார்கள், மரியாதை குறைந்தால் அறை விழும். டாக்டர் குனிந்தார், மிஸ்ஸி குனிந்தாள், நானும் தெய்வானையும் மேசையை ஒட்டிக் குனிந்தோம். நூறு பேர் இருக்கும் கட்டடத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. பூட்ஸ் எங்கள் கதவருகில் வந்து நின்றது.

குனிந்த கண்ணுக்கு மேசை விளிம்பு நேராகத் தெரிந்தது. கமலா ஒரு காலைத் தூக்கி மறுபக்கம் போட்டாள். இடுப்பு திரும்பியது. ஒரு முக்கு முக்கினாள். யாரும் சாய்த்துவிடவில்லை, யாரும் தொடவில்லை. தொப்பென்று குப்புற விழுந்தாள். ஒரு கை வயிற்றுக்கடியில் மாட்டிக்கொண்டது. தலையை நிமிர்த்தி, தன் முன்னால் இத்தனை பேர் குனிந்து நிற்பதைப் பார்த்தாள். மாட்டிக்கொண்ட கையை எடுத்துவிட ஒருவரும் வரவில்லை என்று தெரிந்ததும் ஆரம்பித்தாள்.

அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. கண்ணாடிக் குப்பிகள் அதிர்ந்தன. வராந்தாவின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தது.

அவள் வாயைப் பொத்த என் கை தானாக மேசைக்குப் போனது. பாதியில் தெய்வானை என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். குனிந்தபடியே, தலையைத் தூக்காமல், இரும்புப்பிடியாகப் பிடித்தாள். மரத்துப்போயிருந்த உடம்பில் அவ்வளவு பலம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது.

பூட்ஸ் இன்னும் கதவருகிலேயே நின்றது. கமலா மூச்சை இழுத்துக்கொண்டு இன்னும் உரக்க ஒன்று விட்டாள். பூட்ஸ் ஒருமுறை திரும்பியது. பிறகு நடந்தது, மாடிப்படியில் இறங்கியது.

டாக்டர் நிமிர்ந்தார். முகம் வேர்த்திருந்தது. மேசையைப் பார்த்தார். குப்புறக் கிடந்து, தலையை நிமிர்த்திக்கொண்டு, ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார்.

"இனி நான் சோதிக்க ஒண்டுமில்லை," என்றார்.

மிஸ்ஸி சமாதானப்படுத்தக் கை நீட்டினாள். தெய்வானை கமலாவின் அடியில் மாட்டியிருந்த கையை மெல்ல எடுத்துவிட்டாள். தூக்கவில்லை, பால் கொடுக்கவும் அவசரப்படவில்லை. என் மணிக்கட்டையும் இன்னும் விடவில்லை.

"இருங்க மிஸ்ஸி," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் கத்தட்டும்."